கிணற்றுக்குள் போன தறிச்சத்தம்

ஓடக்கட்டுப்பாளையத்தின் மூவாயிரத்து நானூறு விசைத்தறிகளும் ஒரே வெள்ளிக்கிழமை காலையில் ஊமையாகிப்போனபோது, ஊர்த்தலைவர் வையாபுரியிடம் வந்த முதல் புகார், பக்கத்து வீட்டு மருமகள் தன் மாமியாரின் லட்சணத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி போனில் தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதாக இருந்தது. தறிகள் நிற்கவில்லை, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்துகொண்டுதான் இருந்தது, துண்டும் லுங்கியும் முழம் முழமாக இறங்கிக்கொண்டுதான் இருந்தன, சத்தம் மட்டும் இல்லை. பாவம், அந்த மருமகளைச் சொல்லி என்ன குற்றம்? அறுபது வருசமாக டக்கடி டக்கடி என்று அதிர்ந்துகொண்டிருந்த ஊரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே மூன்று பிள்ளை பெற்றவளுக்கு, ரகசியத்தையும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தித்தான் சொல்லத் தெரியும்.

தறிகளை ஊமையாக்கியவர் அர்த்தநாரி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், ஆனாலும் தறி ஓடுகிற ஊர்களில் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நின்று டீ வாங்கிக் கொடுப்பார்கள். பாவில் நூல் அறுந்தால் தறியின் தலைமேல் தானாக எழும்பி நிற்கும் சிவப்புக் கொடியை இருபத்தாறு வயதில் கண்டுபிடித்தார். சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதித்தால் எட்டுத் தார்க்குச்சியில் ஒரே சமயத்தில் நூல் சுற்றும் பெட்டியை முப்பதில் செய்தார். தறியின் ஆட்டத்திலேயே தொட்டிலையும் ஆட்டிவிடும் பெல்ட்டை, மகள் மேகலா பிறந்த பதினாறாம் நாள் மாட்டினார், ஊரில் பாதிப்பேர் அந்தப் பெல்ட்டில் ஆடி வளர்ந்தவர்கள்தான். பத்திரிகைக்காரர்கள் தேடி வந்தால், "இவகிட்டக் கேட்டுக்குங்க" என்று பெண்டாட்டி பூவாயியைக் கைகாட்டிவிட்டுத் தறிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். பூவாயியும் சளைக்காமல் கொடி, பெட்டி, பெல்ட் என்று எல்லாவற்றையும் விளக்கி, வந்தவர்களுக்கு மோரும் கொடுத்து அனுப்புவாள்.

இத்தனை செய்த மனுசன் பதினாலு வருசம் மெனக்கெட்டது தறியின் சத்தத்தை அடக்கும் ஊமைக்கட்டைக்குத்தான், அதுவும் ஒருத்தியின் இரண்டே காதுகளுக்காக. பூவாயிக்கு முப்பது வயதில் காதுக்குள் வண்டு பறக்கிற மாதிரி ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. ஈரோட்டில் டாக்டர் ஒருவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தறிச்சத்தத்தை விட்டு வெளியே போனால் காது தப்பும், இல்லாவிட்டால் பத்து வருசம்தான் என்று சொல்லிவிட்டார். தறியை விட்டு எங்கே போவது? வயிறு தறியில் இருக்கிறது, வீடு தறிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அக்கம்பக்கம் அத்தனையும் தறி. திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் மூஞ்சியை வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்த அர்த்தநாரி, "நீ எதுக்குப் புள்ள போகோணும்? நான் சத்தத்தப் போகச் சொல்லிர்றேன்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்து வேப்பங்கட்டையைச் சீவுவதும், ரப்பரை வெட்டுவதும், தேன்மெழுகைக் காய்ச்சுவதும், தறியின் காலடியில் வைத்துப் பார்ப்பதும், உதட்டைப் பிதுக்குவதுமாக வருசங்கள் ஓடின.

டாக்டர் கணக்கு ஒரு வருசம் தப்பிப்போனது. ஒன்பதாவது வருசம், ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், நாலு தறிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த பூவாயிக்குச் சட்டென்று எல்லாச் சத்தமும் அடங்கிப்போனது. கரண்ட் போய்விட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தாள், தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. புருசன் செய்து முடித்துவிட்டார் என்று நினைத்துவிட்டாள் அந்தப் பாவி மகள். சந்தோசத்தில் கால் தரையில் பாவாமல் கொல்லைப்பக்கம் ஓடி, "முடிச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டாள். அர்த்தநாரி மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்து அரத்தால் கட்டையை ராவிக்கொண்டிருந்தார், அந்த அரத்துக்கும் சத்தம் இல்லை. அவர் நிமிர்ந்து, "எங்க புள்ள, இன்னும் பிடி கிடைக்கல" என்று சொன்னதை அவள் உதட்டில்தான் படித்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "சும்மாக் கேட்டனுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தறிக்கே போய் நின்றுகொண்டாள்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் அவர் கட்டைகளையெல்லாம் அள்ளி அடுப்பில் போட்டுவிடுவார், அதோடு மனுசனும் முடிந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும். மறைப்பதும் அந்த ஊரில் ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஓடக்கட்டுப்பாளையத்தில் யார் யாரைக் காதால் கேட்டார்கள்? பால்குடி மறப்பதற்குள் பிள்ளைகள் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளும். ஆளைக் கூப்பிட வேண்டுமானால் காலித் தார்க்குச்சியை முதுகில் எறிவார்கள், டீ வேண்டுமா என்றால் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோவார்கள், சாவுச் செய்தியைக்கூட நேரெதிரே நிறுத்தி முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்திக்குச் சுத்தமாகக் காது போனதை ஐந்து வருசமாகப் புருசனும் கண்டுபிடிக்கவில்லை, பெற்ற மகளும் கண்டுபிடிக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் கட்டை பிடி கொடுத்துவிட்டது. உள்ளங்கை அகலத்தில் நாலு கட்டை, தறியின் நாலு காலுக்கும் ஒவ்வொன்று, வைத்த மாத்திரத்தில் தறி வாயை மூடிக்கொண்டது. அர்த்தநாரி எழுந்து நின்று, "பூவாயி, கேக்குதா?" என்று கேட்டார். "இல்லீங்க, ஒண்ணுமே கேக்கல" என்றாள் அவள். சொன்னது சத்தியம்தான். அவர் தறியைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார், அவளும் அழுதாள், மேகலா இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள். ஊர் கூடி, எல்லாத் தறிக்கும் கட்டை செய்து ஒரே வெள்ளிக்கிழமை மாட்டுவதென்று முடிவு செய்தது.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஊர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். காவிரிக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது, என்னவோ ஏதோ என்று பதறி நாற்பது பேர் கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வீடு உண்மை வெளியே கொட்டியது. யார் யாரிடம் மூக்குத்தியை மறைத்து வைத்தாள், யார் எந்தச் சம்பந்தத்தைக் கலைத்தான், யார் குழம்பில் உப்பே இருக்காது என்று யார் சொன்னாள் என்பதெல்லாம் சுவர் தாண்டி வந்து விழுந்தது. ஊர்த்தலைவர் வையாபுரி கோயில் முன்னால் கூட்டம் போட்டு, பழக்கம் மாறும்வரை மூன்று மாசத்துக்குக் காதில் விழுந்த எதையும் விழாததாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஊரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டது, ஏற்காமல் இருக்க எந்த வீட்டுக்கும் யோக்கியதை இல்லை. தொட்டில் பிள்ளைகள்தான் தீர்ப்பை ஏற்கவில்லை. சத்தம் இல்லாமல் தூக்கம் வராமல் வீறிட்டு அழுதன.

எட்டாம் நாள்தான், போன சத்தம் இருக்கும் இடம் தெரிந்தது. அர்த்தநாரி வீட்டுக் கொல்லையில் இருபது வருசமாக வற்றிக் கிடந்த படிக்கிணறு ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவின் ஆடு அதற்குள் எட்டிப்பார்த்துவிட்டு வெருண்டு ஓட, அவள் போய்ப் பார்த்தால், கிணற்றின் அடியில் சத்தம் தேங்கிக் கிடந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் படியில் இறங்கிக் கையை விட்டால் முழங்கைவரை விறுவிறு என்று அதிரும், குனிந்து தலையைக் கொடுத்தால் டக்கடி டக்கடி என்று ஆயிரம் தறி ஓடும். யாரும் பெரிதாக வாய் பிளக்கவில்லை. "அத்தன சத்தமும் போகுதுன்னா எங்கயாச்சும் போயித்தானே ஆகோணும்" என்று வையாபுரி சொல்லிவிட்டு ஒரு வாளி கேட்டார். வாளியில் அள்ளித் தொட்டிலுக்கு அடியில் கொஞ்சம் ஊற்றினால் பிள்ளை அசந்து தூங்கியது. மக்காச்சோளக் காட்டில் ஊற்றினால் கிளி அண்டவில்லை. கோயில் நோம்பிக்குப் பட்டாசு வாங்காமல் நாலு குடம் சத்தத்தை உடைத்தார்கள். சேலத்துக்காரர் ஒருவர் சினிமாக் கொட்டகைக்கு வேண்டுமென்று லாரியில் இரண்டு டிரம் ஏற்றிக்கொண்டு போனார், மூடி சரியில்லாமல் சங்ககிரி தாண்டுவதற்குள் வழியெல்லாம் ஒழுகிவிட்டது. அதில் ஒரு சூட்சுமமும் பிடிபட்டது: யாராவது காது கொடுத்துக் கேட்ட சத்தம் கேட்கக் கேட்கக் கரைந்துபோனது, யாரும் கேட்காமல் கொட்டிய சத்தம் ஊர்ந்து ஊர்ந்து கிணற்றுக்கே திரும்பி வந்தது.

ஊர் இப்படிக் குதூகலமாக இருக்க, பூவாயி எந்நேரமும் நாலு பக்கமும் கண்ணை ஓட்டிக்கொண்டே இருந்தாள். சத்தம் போனதும் ஆட்கள் மாறிவிட்டார்கள். முகம் பார்க்காமல் பேசக் கற்றுக்கொண்டார்கள், முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள், அடுத்த அறையிலிருந்து கேள்வி கேட்டார்கள். பதில் வராதபோது, "புருசன் பேரெடுத்ததும் பூவாயிக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்று சின்னப்பொண்ணுவே சொல்லித் திரிந்தாள். செவிடு என்பதற்குத் தலைக்கனம் என்பது தேவலாம் என்று பூவாயி விட்டுவிட்டாள். சமையல்கட்டில் சுவர் முழுக்க எவர்சில்வர் தட்டுகளைத் துலக்கித் துலக்கி மாட்டி வைத்தாள், பின்னால் அவர் வந்து வாயசைத்தால் ஏதாவது ஒரு தட்டில் தெரியும். உலகத்தில் இல்லாததையெல்லாம் யோசித்த அர்த்தநாரிக்கு, ஒரு வீட்டுக்கு எதற்கு நாற்பது தட்டு என்று யோசிக்கத் தோன்றவில்லை. ஆம்பிளைகள் அப்படித்தான்.

இதற்கிடையில் கிணறு ஏறிக்கொண்டே வந்தது. தை பிறந்தபோது பாதிக் கிணறு, மாசியில் முக்கால், பங்குனி இரண்டாம் வாரத்தில் மேலே மூன்று படிதான் பாக்கி. அர்த்தநாரி தினமும் கயிறு விட்டு அளந்து பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஆறு மாசச் சத்தம் ஒரே மூச்சில் வழிந்தால் முதலில் தொட்டில் பிள்ளைகளின் காது போகும், அப்புறம் ஊரில் ஒரு காதும் மிஞ்சாது. ஆளுக்கு ஒரு வாளி கேட்டுத் தீர்க்கலாம் என்று ஊர் முயன்று பார்த்தது, இரண்டு வாளிக்கு மேல் கேட்டவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். யாராவது உள்ளேயே இறங்கி உட்கார்ந்து நாள் கணக்கில் கேட்டால்தான் மட்டம் இறங்கும், இறங்குகிற ஆளுக்குக் காது மிஞ்சாது. அந்த வாரத்தில்தான் சென்னையிலிருந்து அவருக்குப் பெரிய விருது என்று கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் சொருகி வைத்தவர், "நான் கொண்டாந்து விட்ட சத்தம், நானே கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. அர்த்தநாரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பூவாயிக்கு முன்னால் வந்தார். பழைய பழக்கத்தில் அவள் முகத்துக்கு நேராக நின்றே பேசினார். "காதுதான புள்ள, போனாப் போகுது. நீ பேசறத உதட்டப் பாத்துத் தெரிஞ்சுக்குவேன். உன்ற காது பொழைச்சுதே, எனக்கு அது போதும்."

சொன்னால் அந்த மனுசனின் பதினாலு வருசம் மண்ணோடு மண்ணாகப் போகும், சொல்லாவிட்டால் அவர் காது போகும். அவர் முதல் படியில் கால் வைத்தார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க எறங்க வேண்டாங்க. நான் எறங்கறேன்."

"கிறுக்குப் புடிச்சிருக்குதா உனக்கு? எதுக்காக நான் இத்தன வருசம்..."

"எனக்குக் காது கேக்காதுங்க."

தறிக்காரியின் குரல் அது, கத்தித்தான் வந்தது. நிசப்தமாக இருந்த ஊரில் அது கேட்காத மூலை இல்லை. அர்த்தநாரி அவளையே பார்த்தார். "எப்பிருந்து?" என்று அவர் உதடு அசைந்தது.

"அஞ்சு வருசமாச்சுங்க. நீங்க முடிச்சுப்போட்டீங்களான்னு ஓடியாந்து கேட்டனே, அன்னைக்கிருந்து."

அவர் கிணற்று மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பூவாயியின் உதட்டைப் படித்துவிட்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சின்னப்பொண்ணு முன்னால் வந்தாள். அவள் புருசன் என்ன ஏது என்று பார்ப்பதற்குள், "எனக்கு ஏழு வருசம்" என்று சொல்லிவிட்டுப் பூவாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தலைக்கனம்னு சொன்னனேடி உன்னைய. நானும் அதையே பண்ணிட்டிருந்தேன், என்னையத் திமிருன்னாங்க." பிறகு மேட்டுத்தெரு ராசாத்தி வந்தாள், பாவுப்பட்டறை முத்துக்குமரன் வந்தான், ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள், அவரவர் வீட்டு ஆட்கள் வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அறுபத்தோராவது ஆளாக ஊர்த்தலைவர் வையாபுரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். காதில் விழுந்ததை விழாததாக வைத்துக்கொள்ளச் சொன்ன தீர்ப்பு அவருக்கு எத்தனை சௌகரியமாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் ஊருக்கு உறைத்தது, ஒருத்தர் சிரிக்க, அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது. இறுக்கிப் போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டாற்போல அறுபத்தோரு பேருக்கும் மூச்சு தாராளமாக வந்தது.

பூவாயிதான் முதலில் இறங்கினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்க, சத்தம் பாதத்தில் அதிர்ந்து, முழங்காலில் ஏறி, வயிற்றைத் தாண்டி, நெஞ்சுக்கூட்டைப் பிடித்து ஆட்டியது. தலை உள்ளே போனதும் அவளுக்குக் கேட்டது. காதாலா உடம்பாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை, ஆனால் கேட்டது, அதே டக்கடி டக்கடி, ஆயுசெல்லாம் அவள் திட்டித் தீர்த்த சத்தம், ஐந்து வருசத்துக்குப் பிறகு. படியில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள். பின்னாலேயே சின்னப்பொண்ணு முறுக்குப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தாள், ராசாத்தி பூக்கட்ட நாரும் பூவும் கொண்டுவந்தாள், எல்லோரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து உதட்டால் ஊர்க்கதை பேசினார்கள். உடம்பால் கேட்டாலும் சத்தம் கரையத்தான் செய்தது, மத்தியானத்துக்குள் மட்டம் ஒன்றரைப் படி இறங்கியது. கேட்டுக் கெட இனி அவர்களுக்குக் காது இல்லை, அந்த ஒரு சத்தத்தைத் தவிர வேறெதுவும் அவர்களுக்குக் கேட்பதும் இல்லை, ஆகவே ஷிப்ட் போட்டு இறங்குவதற்கு நான் முந்தி நீ முந்தி என்று சண்டையே வந்தது. வையாபுரி சித்திரைவரைக்கும் பெயர் எழுதி வைத்தார்.

பூவாயி மேலே வந்தபோது அர்த்தநாரியைக் கிணற்று மேட்டில் காணவில்லை. கொல்லையில், தான் பதினாலு வருசம் கட்டை சீவிய இடத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. என்னவோ பேசுகிறார் என்று தெரிந்தது. முன்பென்றால் சுற்றிக்கொண்டு முன்னால் போய், தற்செயலாக வந்த மாதிரி நிற்பாள். இப்போது நின்ற இடத்திலிருந்தே, "இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க, எனக்குக் கேக்கல" என்றாள். சொன்ன பிறகு உடம்பே லேசாகிவிட்டது அவளுக்கு.

அவர் திரும்பினார். "உனக்காகத்தான் செஞ்சேன். அஞ்சு வருசம் பிந்திட்டனே. அத்தனையும் வீண் பூவாயி."

"எந்திரிங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கித் தறிப்பட்டறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே இருபது வயது மேகலா நாலு தறிக்கு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நூல் பிணைத்துக்கொண்டிருந்தாள். அவள் தறிக்கு வந்து நாலு வருசமாகிறது. அதில் முதல் மூன்றரை வருசம் முழுச் சத்தத்தில்.

"அவளக் கூப்பிடுங்க" என்றாள் பூவாயி. "மெதுவா. எனக்குச் சொல்ற மாதிரிக் கத்தாதீங்க."

அர்த்தநாரி உதட்டைப் பிரித்து, மூச்சு விடுகிற மாதிரி மகளின் பெயரைச் சொன்னார். பூவாயி மகளின் முதுகையே பார்த்தாள். மேகலாவின் கை நூலை விடவில்லை, தலை திரும்பவில்லை. இவளுக்கும் போய்விட்டதோ என்று பூவாயி நிலையைப் பிடித்துக்கொண்டாள். மெல்லத் திரும்பிப் புருசன் முகத்தைப் பார்த்தாள்.

கண்ணீர் ஒழுகிய முகத்தோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "'வர்றம்ப்பா, ஒரு நூல் பாக்கி'ங்கறா" என்றார்.

"திரும்பாமயேவா?"

"திரும்பாமயேதான்."

பூவாயி நிலைப்படியில் உட்கார்ந்து கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு மகளின் முதுகை ஆசை தீரப் பார்த்தாள்.

"இன்னொருக்காக் கூப்பிடுங்க" என்றாள்.